பின் வரிசைப் பதினோரு வீடுகள்

ஸ்டெனோ அக்கா எழுதிய கூட்டக் குறிப்புகளை அந்தக் குடியிருப்பில் ஒருவரும் படித்ததில்லை. படித்திருந்தால் பாதிப் பேர் அவரோடு பேச்சையே நிறுத்தியிருப்பார்கள். மற்ற வீட்டு உரிமையாளர் சங்கங்களின் மினிட்ஸ் புத்தகத்தில் "தெருநாய்ப் பிரச்சினை விவாதிக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அக்காவின் புத்தகத்தில் அது இப்படி இருக்கும்: "ஏழாம் வீட்டம்மா சொன்னது: 'அது என் நாயே இல்ல. என் வீட்ல சாப்பிடுது, அதோட சரி.' பன்னிரண்டாம் வீட்டுக்காரர் சொன்னது: 'சாப்பிடறது உங்க வீட்ல, கடிக்கறது மட்டும் எங்க வீட்லயா?'" இருமல், கொட்டாவி, கோபித்துக்கொண்டு எழுந்து போனவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது என்று எல்லாமே அதில் உண்டு.

அது தொழில் புத்தி. நீதிமன்றத்தில் முப்பத்து மூன்று வருடம் சுருக்கெழுத்து எழுதிய கை அது. சாட்சி அழுதால் அழுதார் என்று எழுதும், பொய் சொன்னால் அந்தப் பொய்யையும் ஓர் எழுத்து குறையாமல் எழுதும். ஒரு முறை ஒரு பெரிய வக்கீல், தான் சொன்னதைக் கொஞ்சம் மெருகேற்றி எழுதச் சொன்னாராம். "மெருகு போடறது உங்க வேலை சார். எழுதறது என் வேலை" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அந்த வக்கீல் இவர் இருக்கும் அறையில் வார்த்தையை அளந்துதான் பேசினார்.

சங்கத்தின் செயலாளர் பதவி அவருக்கு முப்பத்தோரு வருடமாக இருந்தது. வேறு யாரும் கேட்காத பதவி. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்கிற வேலை அது. ஊர்ப்பட்ட புகாரெல்லாம் செயலாளர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அந்த வாசல் எங்கே இருந்தது என்பதில்தான் இந்தக் கதையே இருக்கிறது.

குடியிருப்பில் நான்கு தெருக்கள், நாற்பத்தெட்டு வீடுகள். அவற்றுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கும் பின்னால், ஒரு பள்ளத்தில், இன்னும் பதினோரு வீடுகள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டட நிறுவனம் வந்து நாற்பத்தெட்டையும் கட்டி விற்றது. மழைநீர் தேங்கும் அந்தப் பள்ளத்தை மட்டும் வாங்க ஆளில்லை. வேலை முடிந்து கிளம்பும்போது, தன்னிடம் வேலை பார்த்த பதினோரு பேருக்கு அதைப் பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. கொத்தனார், தச்சர், கம்பி கட்டுபவர், குழாய் போடுபவர் என்று எல்லாரும் பகலில் ஊரார் வீட்டைக் கட்டி, விடுமுறை நாளில் தங்கள் வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். அக்காவின் கணவர் அந்தக் கொத்தனார். எட்டு வருடம் முன்பு காலமானார். முன் தெருக்களில் அவர் கை படாத சுவர் ஒன்றுகூட இல்லை.

அந்தப் பதினோரு வீட்டாருக்கும் வெளியே போக இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து. அதில் நடந்தால் நான்கு நிமிடத்தில் பேருந்து நிறுத்தம். சந்து இல்லையென்றால் ஓடையைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம். அக்காவின் மகள் பேருந்து ஓட்டுநர். விடிவதற்கு முன் அந்தச் சந்து வழியாகத்தான் பணிமனைக்குப் போவாள். நான்காம் வீட்டுத் தச்சரின் மனைவி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போவதும் அதே வழிதான்.

அக்கா அப்படி உயிரைக் கொடுத்து எழுதிய குறிப்புகளை ஏன் யாரும் படிக்கவில்லை? அதற்கு ஒரு பழக்கம் காரணம். ஒவ்வொரு கூட்டமும் ஒரே மாதிரிதான் தொடங்கும். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போன கூட்டத்துக் குறிப்பை வாசிச்சதா எடுத்துக்கலாமா?" என்பார். "எடுத்துக்கலாம், எடுத்துக்கலாம்" என்று நான்கைந்து குரல் வரும். தலைவர் பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். தேநீர் வரும். முப்பத்தோரு வருடமும் இந்தச் சடங்கு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

"நீ கதை எழுதியிருந்தாக்கூட யாராவது படிச்சிருப்பாங்கம்மா" என்று மகள் கிண்டல் செய்வாள்.

"படிக்கறதுக்கா எழுதறேன்? இருக்கட்டும்னு எழுதறேன்" என்பார் அக்கா.

குடியிருப்பின் ஐம்பதாவது ஆண்டு வந்தது. சங்கத் தலைவருக்கு ஒரு வரலாற்று நூல் போட ஆசை வந்தது. தலைவர் பதினாறாம் வீட்டுக்காரர், காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிடும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தெருவிளக்கு எரியவில்லையென்றால் தானே ஏணி எடுத்துக்கொண்டு வருபவர். ஆனால் சில வருடமாக அவருக்கு ஒரே ஒரு கனவு: குடியிருப்பைச் சுற்றி மதில், வாசலில் பெரிய கேட், காவலாளிக்கு ஒரு கூண்டு. சுவர் எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்ய, குடியிருப்பு எதுவரை என்று யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் வரலாறு.

நூலின் கைப்பிரதி செயலாளரின் பார்வைக்கு வந்தது. அக்கா ஒரே மூச்சில் படித்தார். பதினான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: "நமது குடியிருப்பு நாற்பத்தெட்டு வீடுகளைக் கொண்டது. தொட்டிக்குப் பின்னால் கட்டுமானத் தொழிலாளர்கள் தற்காலிகமாகத் தங்கிய கொட்டகைகள் சங்கத்தில் சேராதவை." கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நான்காவது, நூலை ஏற்றுக்கொள்வது. ஐந்தாவது, நூலில் கண்ட எல்லைப்படி மதில் எழுப்புவது. அது எழுந்தால் சந்து அடைபட்டுப் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே பதினோரு வீட்டை மறைத்திருந்தார்கள், கூரையோடு.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா பதினாறாம் வீட்டு அழைப்பு மணியை அடித்தார்.

"வாங்க ஸ்டெனோம்மா! புஸ்தகம் எப்படி? எழுத்துப்பிழை இருந்தா நீங்களே திருத்திடுங்க" என்றார் மேனேஜர்.

"பிழை இல்ல சார். பதினோரு வீடுதான் இல்ல."

"அது வந்து... கம்பெனியோட ஆதி வரைபடத்துல இருக்கறபடி எழுதினது."

"அந்த வரைபடத்துல வடிகால்கூட இருந்துச்சு சார். தரையிலதான் இல்ல."

மேனேஜர் சிரித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க, உங்களை யாரு வெளிய அனுப்பறா? நீங்க எங்க வீட்டு மனுஷி. சுவர்ல ஒரு சின்னக் கதவு வெப்போம். சாவி உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும். உங்க பொண்ணு எப்பவும்போலப் போய் வரலாம்."

"மிச்சம் பத்து வீடு?"

"எல்லாரையும் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? நீங்க வேற, அவங்க வேற."

அக்காவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. இந்த வீட்டின் இந்தக் கூடத்தை யார் பூசினார் என்று அவருக்குத் தெரியும். ஜன்னலுக்கு மேலே விரிசல் விட்டபோது யார் வந்து அடைத்தார் என்றும் தெரியும். கொடுத்த தேநீரைத் தொடாமல் எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசிக்கலாம் சார்."

"நீங்க எங்க பேசுவீங்க? உங்க கைதான் பேசும்" என்று மேனேஜர் அன்பாகவே சொன்னார். அது உண்மையும்கூட. முப்பத்தோரு வருடத்தில் எந்தக் கூட்டத்திலும் அக்கா ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுத்தவர் பேச்சை எழுதுகிறவருக்கு வாயைத் திறக்க நேரம் ஏது?

விஷயத்தைக் கேட்டதும் மகள், "சாவியை வாங்கிக்கிட்டு வந்து பதினோரு நகல் எடுத்திருக்கலாம்ல?" என்றாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் சொன்னார்: "எங்க தெருவுக்குள்ள நான் சாவி போட்டு வரணுமா? செத்தாலும் மாட்டேன்."

சனிக்கிழமை பின் வரிசையில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார். வழக்கமாக அவர்கள் கூட்டத்துக்குப் போவதில்லை. கூடத்தில் போடும் நாற்காலி நாற்பத்தெட்டுதான். வாய்விட்டு யாரும் சொல்லாவிட்டாலும் புரிகிறவர்களுக்குப் புரியும். "நாங்க வந்து என்ன அக்கா பேசப் போறோம்?" என்று தச்சர் தயங்கினார்.

"பேச வேண்டாம். வந்து நில்லுங்க. கையைத் தூக்கச் சொன்னாத் தூக்குங்க" என்றார் அக்கா.

ஞாயிறு காலை பத்து மணி. மோட்டார் அறைக்கு மேலே இருந்த சங்கக் கூடத்தில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. பின் வரிசையிலிருந்து ஒன்பது பேர் வந்து கதவோரம் நின்றார்கள். மேனேஜர் ஒரு தடவை அவர்களைப் பார்த்தார், மறு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். முதல் மூன்று விஷயமும் சடசடவென்று முடிந்தன. நான்காவது வந்தது.

"நூலோட பிரதி எல்லாருக்கும் அனுப்பியாச்சு. வாசிச்சதா எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்க..." என்று முன் வரிசையில் ஒரு குரல் தொடங்கியது.

"முடியாது."

யார் சொன்னது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. ஏனென்றால் அந்தக் குரலை அந்தக் கூடம் கேட்டதே இல்லை. அக்கா எழுந்து நின்றிருந்தார். பேனாவையும் புத்தகத்தையும் பக்கத்தில் இருந்த பொருளாளர் பல் டாக்டரின் மடியில் வைத்தார். "நான் பேசப் போறேன் டாக்டர். நீங்க எழுதுங்க" என்றார். பல் டாக்டரின் கையெழுத்தைப் படிக்க முடியாமல் மருந்துக்கடைக்காரர்களே கும்பிடு போடுவார்கள். அவர் பயந்து போய்ப் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"வரலாறுன்னா எல்லாத்தையும் வாசிப்போம் சார். முதல்ல என் புஸ்தகத்துலேர்ந்து ஒரு பக்கம்."

இரும்பு அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்த பழைய புத்தகம் ஒன்றை அக்கா பிரித்தார். அந்தப் பக்கத்துக்கு ஒரு முன்கதை உண்டு. முப்பத்தோரு வருடத்துக்கு முன் ஐந்து நாள் விடாமல் மழை கொட்டியது. வரைபடத்தில் மட்டும் இருந்த வடிகால் தண்ணீரைக் கொண்டுபோகவில்லை. முன் தெரு வீடுகளில் முழங்கால் வரை வெள்ளம். பள்ளத்தில் இருந்த பதினோரு வீட்டில் மட்டும் ஒரு சொட்டு இல்லை, பள்ளம் என்று தெரிந்தே தரையை முன் தெரு மட்டத்துக்கும் மேலே மூன்றடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். நாற்பத்தெட்டு குடும்பமும் அங்கேதான் தஞ்சம் புகுந்தது. அடித்தளம் போட்டவருக்குத்தானே மண் எந்தப் பக்கம் சரியும் என்று தெரியும்? கொத்தனாரும் மற்றவர்களும் மழையில் நின்று நான்கு நாளில் ஓடை வரை வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் வடிந்தது. பின் வரிசைக்காரர்கள் முதன்முதலாகச் சங்கக் கூடத்துக்கு அழைக்கப்பட்டது அதற்கு அடுத்த வாரம்தான். அன்று பழக்கதோஷத்தில் ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்த கொத்தனார் மனைவியைத்தான் அங்கேயே செயலாளர் ஆக்கினார்கள்.

அக்கா வாசித்தார். நீதிமன்றத்தில் திருப்பி வாசிக்கும் அதே குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல்.

"மூன்றாம் வீட்டு வாத்தியார் முன்மொழிந்தது: 'பின் வரிசையின் பதினோரு வீடுகளும் இன்று முதல் இந்தச் சங்கத்தின் முழு உறுப்பினர்கள். அவர்கள் வந்துபோகும் வழியை எந்தக் காலத்திலும் சங்கம் அடைக்காது.' வழிமொழிந்தவர் பதினாறாம் வீட்டு இளைஞர். அவர் சொன்னது: 'கொத்தனார் அண்ணன் வீட்ல ஆறு நாள் பொண்டாட்டி பிள்ளையோட படுத்திருந்தேன். என் வீட்டு சமையலறையில இப்பவும் தவளை கத்துது. இவங்களைச் சேக்கலாமான்னு நாம கேக்கறதே வெக்கக்கேடு. நம்மளை அவங்க சேத்துக்கிட்டதே பெரிசு.' இதைச் சொல்லும்போது அவர் அழுதார். கைதட்டல்."

ஏழாம் வீட்டம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "ஆமா! தவளை! அவங்க வீட்லதான், ஏழெட்டு இருந்துச்சு!"

மேனேஜரின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. மறந்தேபோயிருந்தார். வேண்டுமென்றே மறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ என்பார்கள். இந்த மனிதர் ஆறு ஒன்று இருந்ததையே மறந்துவிட்டார்.

"அதை... அதை யாரும் வாசிக்கவே இல்லையே? வாசிச்சதா எடுத்துக்கிட்டதுதானே?" என்றார் மேனேஜர் ஒருவழியாக. "அது எப்படிச் செல்லும்?"

"உங்களைத் தலைவராத் தேர்ந்தெடுத்த குறிப்பையும் யாரும் வாசிக்கல சார். உங்க மாடிக்கு அனுமதி குடுத்ததையும் வாசிக்கல. அது செல்லாதுன்னா எதுவுமே செல்லாது. பின் வரிசை உறுப்பினர் இல்லன்னா நான் செயலாளரே இல்ல, என் கையெழுத்துல போன எந்தத் தீர்மானமும் நிக்காது. எது எது நிக்கும்னு பாத்துடலாமா? மொத்தம் அஞ்சு புஸ்தகம் இருக்கு. முதல் பக்கத்துலேர்ந்து வாசிக்கறேன்."

"அம்மா தாயே, நாய் விஷயத்தை மட்டும் விட்டுடு" என்றார் ஏழாம் வீட்டம்மா. சிரிப்பு வெடித்தது.

அக்கா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை நின்றார். பிறகு பேசினார். முப்பத்தோரு வருடம் வாய்க்குள்ளேயே கிடந்தது கால் மணி நேரத்தில் வெளியே வந்தது. கொத்தனாரைப் பற்றிப் பேசினார், தச்சரின் மனைவி சுற்று வழியில் போனால் என்ன ஆவாள் என்று கேட்டார், சாவி தருகிறேன் என்று சொன்னதையும் மறைக்காமல் சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனாலும் நிற்கவில்லை. கதவோரம் நின்ற ஒன்பது பேரும் முதலில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். குறிப்பெழுதும் செயலாளர் கை தூக்கும் வழக்கம் இல்லை. மதில் வேண்டும் என்று பதினேழு கை. ஆமாம், அத்தனைக்குப் பிறகும் பதினேழு. தவளைக் கதைக்கு வயிறு குலுங்கச் சிரித்த சிலரும் அதில் உண்டு, சிரிப்பு வேறு சுவர் வேறு. வேண்டாம் என்று முன் தெருக்காரர்களில் பதினான்கு. மீதிப் பேர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் எண்ணிவிட்டு, "அப்போ பதினேழு..." என்று தொடங்கினார்.

"பின்னாலயும் எண்ணுங்க சார்" என்றார் அக்கா.

கதவோரம் ஒன்பது கைகள் தூக்கியபடி நின்றன. மேனேஜர் பழைய புத்தகத்தைப் பார்த்தார். அதில் தான் வழிமொழிந்த வரியைப் பார்த்தார். ஒவ்வொரு கையாகச் சுட்டிக்காட்டி எண்ணினார். இருபத்து மூன்றுக்குப் பதினேழு. மதில் இல்லை. பதினான்காம் பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்றும் அதே கையோடு முடிவானது.

அன்று சாயங்காலம் பல் டாக்டர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தான் பேசிய கால் மணி நேரத்துக்கு டாக்டர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "செயலாளர் சில கருத்துகளைத் தெரிவித்தார்."

"நல்லா சுருக்கிட்டேன்ல?" என்றார் டாக்டர், பாராட்டை எதிர்பார்த்து.

"நல்லா சுருக்கினீங்க" என்றார் அக்கா. அவர் போனதும் அந்த வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். ஊரில் நாய்க்காக நடந்த சண்டைக்கெல்லாம் மூன்று பக்கம் ஒதுக்கிய புத்தகம் அது. தான் பேசியதற்கு ஒரு வரியா? மேசையில் உட்கார்ந்து, சொன்னதைச் சொன்னபடி, குரல் உடைந்த இரண்டு இடத்தையும் குறித்து, ஐந்து பக்கம் எழுதினார். கடைசியில் தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் மேனேஜரே தலைவர் நாற்காலியில் இருந்தார். அவரை இறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. கூடத்தில் இந்த முறை ஐம்பத்தொன்பது நாற்காலி போட்டிருந்தது. ஆனாலும் பின் வரிசைக்காரர்களில் நாலைந்து பேர் உட்காராமல் சுவரோரம் நின்றார்கள். மேனேஜர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட மூடியைத் திறந்தார். அக்கா புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தி, பக்கத்தின் மேல் விரலை வைத்தார்.

"வாசிங்க சார்."

"முழுசுமா?"

"முழுசும்."

மேனேஜர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். முதல் பக்கத்தில் வேகமாகப் போனார், இரண்டாம் பக்கத்தில் நிதானம் வந்தது. அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாகக் கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். ஐந்தாம் பக்கத்தின் அடிக்கு வந்தபோது மேனேஜரின் குரல் தேய்ந்து முணுமுணுப்பாகப் போனது.

"'என் வீட்டுக்காரர் கட்டின சுவத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு அவர் பொண்ணுக்கு வழியை மறிக்கச் சுவர் கட்டணும்னு சொல்றீங்க. கட்டுங்க பாக்கலாம். கட்டத் தெரிஞ்சவங்க எல்லாரும் பின் வரிசையிலதான் இருக்காங்க.'"

மேனேஜர் பேனாவைக் காகிதத்தில் வைக்கப்போனார்.

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை வாசிங்க சார்" என்றார் அக்கா. "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."